147573952589676412927-ஐ விசாரிக்க ஒரு கருவி: பாரி ஜிபி மென்பொருள் மதிப்பீடு

147573952589676412927 என்னும் 21 இலக்க எண்ணை ஒரு விரிதாளில் உள்ளிட்டால், பெரும்பாலும் பதினைந்தாம் இலக்கத்துக்குப் பின்னால் வருபவை எல்லாம் பூச்சியங்களாகிவிடுகின்றன. அதே எண்ணை வழக்கமான மிதவைப் புள்ளி வடிவில் சேமித்தாலோ, கடைசி இலக்கமான 7 எந்த எச்சரிக்கையும் இல்லாமல் 8 ஆகிவிடுகிறது. அந்த வடிவத்தில் 53 இரும இலக்கங்களுக்கே இடம் உண்டு. இந்த எண்ணுக்கு 67 வேண்டும். கூடியது ஒன்றே ஒன்றுதான், ஆனால் எண்ணே வேறாகிவிட்டது: நாம் கொடுத்தது 2⁶⁷ − 1, கருவி வைத்துக்கொண்டது 2⁶⁷. முதலாவது ஒற்றைப்படை எண், அதற்கு நான்கே வகுத்திகள். இரண்டாவதற்கு 68 வகுத்திகள், பகாக் காரணியோ 2 மட்டும்தான். நீளத்தையோ எடையையோ அளப்பவருக்கு இந்தப் பிழை ஒரு பொருட்டல்ல. முழு எண்ணின் பண்புகளைத் தேடுபவருக்கோ, கடைசி இலக்கம் போனால் எல்லாம் போயிற்று.

இத்தகைய எண்களை ஓர் இலக்கமும் சிதையாமல் வைத்துக்கொண்டு, அவற்றைப் பற்றிக் கேள்வி கேட்க வழிசெய்யும் மென்பொருள்களில் மூத்தவற்றுள் ஒன்று பாரி ஜிபி. 1980களில் பிரான்சின் போர்தோவில் ஆன்ரி கோஹெனும் அவருடன் பணியாற்றியவர்களும் எண் கோட்பாட்டு ஆய்வுக்காக எழுதத் தொடங்கியது இது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து கரிம் பெலாபாஸ் இதன் வளர்ச்சியை ஒருங்கிணைத்து வருகிறார். குனு பொது உரிமத்தின் கீழ் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பாரி என்பது கணக்குகளைச் செய்யும் நூலகம். ஜிபி என்பது அந்த நூலகத்துடன் நாம் உரையாடும் கட்டளை முகப்பு. சேஜ்மேத் போன்ற பெரிய கணித மென்பொருள்களும் தம் எண் கோட்பாட்டு வேலைகளில் பெரும்பகுதியை இந்த நூலகத்திடமே ஒப்படைக்கின்றன.

ஒரு பெரிய எண்ணின் பண்புகளைச் சொல்லும் கருவியை எதை வைத்து மதிப்பிடுவது? எத்தனை பண்புகளை அடுக்குகிறது என்று பார்ப்பது எளிது. எண்ணைத் தட்டியதும் இரும வடிவம், ரோமன் வடிவம், இலக்கக் கூட்டுத்தொகை என்று முப்பது வரி காட்டும் கணிப்பான்கள் பல உண்டு. என் அளவுகோல் வேறு. ஒரு கருவி ‘இது பகா எண்’ என்று சொல்லும்போது, அது நிறுவப்பட்ட உண்மையா அல்லது மிக வலுவான நம்பிக்கையா என்பதைப் பிரித்துச் சொல்கிறதா, பிரித்துக் கேட்க இடமளிக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பாரி ஜிபி இந்த அளவுகோலில் பெரும்பாலும் தேறுகிறது. ஓர் இடத்தில் மட்டும் அதன் இயல்பு அமைப்பு எனக்கு உடன்பாடில்லை. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

சோதனைக்கு 2⁶⁷ − 1 என்ற எண்ணையே எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதன் விடையும் வரலாறும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தவை என்பதே. 1644-இல் மரான் மெர்சேன் வெளியிட்ட பட்டியலில், 2-இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் பகா எண் தரும் அடுக்குகளுள் ஒன்றாக 67-உம் இடம்பெற்றிருந்தது. அது தவறு என்று 1876-இல் எட்வார் லூக்கா காட்டினார். ஆனால் எந்த எண்ணால் வகுபடும் என்பதை அவருடைய முறை சொல்லவில்லை. காரணிகளைக் கண்டவர் ஃபிராங்க் நெல்சன் கோல். 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் அவர் முன்வைத்த விடை 193707721 × 761838257287. அதைக் கண்டுபிடிக்க மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் தேவைப்பட்டதாக அவர் சொன்னார் என்றொரு கதை கணித வட்டாரங்களில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது.

ஜிபியில் ஃபேக்டர் என்ற கட்டளைக்கு இந்த எண்ணைக் கொடுத்தால், நுழைவு விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் இரண்டு வரி அணி ஒன்று வந்துவிடுகிறது: இடப்பக்கம் பகாக் காரணி, வலப்பக்கம் அதன் அடுக்கு. விளக்கமோ அலங்காரமோ இல்லை. உள்ளே நடப்பது சிறு எண்களால் வகுத்துப் பார்த்தல், பொலார்டின் ரோ முறை, ஷாங்ஸின் சதுர வடிவ முறை, லென்ஸ்ட்ராவின் நீள்வட்ட வளைவு முறை, கடைசியாக இருபடிச் சல்லடை என்று படிப்படியாக வலுக்கூடும் வரிசை. எண்ணின் அளவைப் பொறுத்து எது போதுமோ அதோடு நின்றுவிடும். கோலின் சிறிய காரணியிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் 193707720 என்பது 2³ × 3³ × 5 × 67 × 2677 என்று மிகச் சிறிய பகா எண்களாக உடைந்துவிடும் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. பொலார்டு 1974-இல் வெளியிட்ட இன்னொரு முறை, ‘காரணியிலிருந்து ஒன்று கழித்தது சிறு பகா எண்களின் பெருக்கமாக இருந்தால் அக்காரணி விரைவில் பிடிபடும்’ என்ற தன்மையை அடிப்படையாகக் கொண்டது. அந்த முறையை அறிந்த ஒருவர், 2677 வரை போனாலே கோலின் விடையைப் பிடித்திருக்கலாம். ஆனால் கோல் அந்த முறைக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் முந்திவிட்டார்.

இந்த எண்ணின் உண்மையான சுவாரசியம் அதன் காரணிகளைவிட, அது பகா எண்ணாக நடிக்கும் விதத்தில் இருக்கிறது. ஒரு பெரிய எண் பகா எண்ணா என்று விரைவாக அறிய, ஃபெர்மாவின் தேற்றத்தைத் தலைகீழாகப் பயன்படுத்துவது வழக்கம்: ஓர் அடிமானத்தை, அந்த எண்ணில் ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, எண்ணால் வகுத்த மீதி 1 வருகிறதா என்று பார்ப்பார்கள். வராவிட்டால் அது நிச்சயமாகப் பகு எண். வந்தால் பகா எண்ணாக இருக்கலாம். 2 என்ற அடிமானத்தைக் கொண்டு 2⁶⁷ − 1-ஐச் சோதித்தால் மீதி 1 வருகிறது. அதைவிடக் கடுமையான ‘வலுவான சோதனை’யிலும் 2-ஐ அடிமானமாகக் கொண்டால் அது தேறிவிடுகிறது. காரணம் எளிது. இந்த எண்ணால் வகுக்கும்போது 2-இன் 67-ஆம் அடுக்கின் மீதி 1. எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் கிடைக்கும் 2⁶⁶ − 1 என்பதோ 67-ஆல் மீதியின்றி வகுபடும். ஆகவே அந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் மீதி 1 வந்தே தீரும். எண்ணைக் கட்டிய பொருளைக் கொண்டே அதைச் சோதித்தால் வேறென்ன வரும்?

எத்தனை அடிமானங்கள் இப்படி ஏமாறும் என்பதையும் ஜிபியிலேயே கணக்கிடலாம். ஒவ்வொரு பகாக் காரணியிலிருந்தும் ஒன்றைக் கழித்து, அதற்கும் எண்ணில் ஒன்று குறைந்ததற்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டு, அவற்றைப் பெருக்க வேண்டும். இந்த எண்ணுக்கு இரண்டு முறையும் 1206 வருகிறது; 1206 × 1206 = 14,54,436. ஏறத்தாழ 1.48 × 10²⁰ அடிமானங்களில் ஃபெர்மா சோதனையை ஏமாற்றுபவை இவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு ஓர் அடிமானத்தை எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றே சொல்லலாம். ஆனால் பலரும் முதலில் எடுப்பது 2. அந்த 2 இந்தச் சிறு கூட்டத்தில் ஒன்று. அடிமானம் 2-ஐ மட்டும் நம்பி ‘பகா எண்’ என்று அறிவிக்கும் எளிய கணிப்பான்கள் விழுவது இங்கேதான்.

பாரி ஜிபி விழுவதில்லை. அதன் ஐஸ்சூடோப்ரைம் என்ற கட்டளை, பெய்லி, பொமரன்ஸ், செல்ஃபிரிட்ஜ், வாக்ஸ்டாஃப் ஆகியோரின் பெயரால் அறியப்படும் இணைச் சோதனையைப் பயன்படுத்துகிறது. முதலில் 2-ஐ அடிமானமாகக் கொண்ட வலுவான சோதனை. அதில் தேறியபின், முந்தைய இரண்டு உறுப்புகளிலிருந்து அடுத்ததைக் கட்டும் லூக்கா தொடர்களை அடிப்படையாகக் கொண்ட இன்னொரு சோதனை. 2⁶⁷ − 1 முதல் வாயிலைக் கடந்து இரண்டாவதில் மாட்டிக்கொள்கிறது. 1876-இல் இந்த எண்ணைக் காட்டிக்கொடுத்த அதே லூக்காவின் கருத்தே இன்றும் அதைப் பிடிக்கிறது என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்த இணைச் சோதனையை ஏமாற்றும் பகு எண் ஒன்றுகூட இதுவரை கண்டறியப்படவில்லை. 2⁶⁴ வரை அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று முழுமையாகச் சரிபார்க்கப்பட்டிருக்கிறது.

இன்னும் கடினமான வேடதாரி ஒன்றையும் கொடுத்துப் பார்த்தேன்: 3825123056546413051. இரண்டிலிருந்து முப்பத்தொன்று வரையுள்ள பதினொரு பகா எண்களில் எதை அடிமானமாகக் கொண்டாலும் வலுவான சோதனையில் தேறிவிடும் பகு எண்களுள் மிகச் சிறியது இதுதான். இதன் காரணிகள் 149491, 747451, 34233211. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்தால், இரண்டாவது முதலாவதின் 5 மடங்கு. மூன்றாவது முதலாவதின் 229 மடங்கு. இப்படி ஒரே அச்சில் வார்த்த காரணிகளே சோதனைகளை ஏய்ப்பதில் வல்லவை. ஐஸ்சூடோப்ரைம் இதையும் தயக்கமின்றிப் பகு எண் என்று மறுத்துவிட்டது.

இனி, எனக்கு உடன்பாடில்லாத இடம். ஐஸ்சூடோப்ரைம் கட்டளைக்கு அருகிலேயே ஐஸ்ப்ரைம் என்று இன்னொன்று இருக்கிறது. முன்னது ‘பகா எண்ணாக இருக்க மிக வாய்ப்புண்டு’ என்பதோடு நிற்கும். பின்னது நிறுவியபின்பே ஆம் என்னும். இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்துப் பிரித்திருப்பது பாராட்டத்தக்க ஒழுங்கு. ஆனால் ஃபேக்டர் கட்டளை தரும் ‘பகாக் காரணிகள்’ இயல்பு அமைப்பில் முதல் வகையைச் சேர்ந்தவை: அவை இணைச் சோதனையில் தேறியவை, நிறுவப்பட்டவை அல்ல. கையேட்டில் இது ஒளிவுமறைவின்றிச் சொல்லப்பட்டிருக்கிறது. ஃபேக்டர் ப்ரூவன் என்ற அமைப்பை 1 என்று மாற்றிவிட்டால் ஒவ்வொரு காரணிக்கும் நிறுவலும் நடக்கும். இருந்தாலும் கையேட்டைப் படிக்காதவருக்கு, திரையில் வரும் அணியில் எந்த வேறுபாடும் தெரியாது. 2⁶⁷ − 1-ஐப் பொறுத்தவரை இதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஏனெனில் இரண்டு காரணிகளுமே 2⁶⁴-க்கு வெகு கீழே இருப்பதால் அங்கே இணைச் சோதனையே நிறுவலுக்குச் சமம். காரணி 20 இலக்கத்தைத் தாண்டும்போதுதான் வேறுபாடு உயிர்பெறுகிறது. வேகத்துக்காக இப்படி வைத்திருக்கிறார்கள் என்பது புரிகிறது. ஆராய்ச்சியாளர்களுக்கு அது சரியான தேர்வாகவே இருக்கலாம். புதியவருக்கு, விடையோடு ஒரு சிறு குறிப்பு வந்தால் நல்லது.

நிறுவலையே கையில் வாங்க விரும்புவோருக்கு ப்ரைம்செர்ட் என்ற கட்டளை உண்டு. ‘ஆம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக, அந்த எண் பகா எண்தான் என்பதற்கான சான்றிதழை, அதாவது வேறொருவர் வேறொரு நிரலைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளக்கூடிய எண்களின் தொகுப்பை, அது தருகிறது. ஒரு கருவி தன்னை நம்பச் சொல்லாமல் தன்னைச் சரிபார்க்கச் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

காரணிகள் கிடைத்துவிட்டால் மீதிப் பண்புகள் பெரும்பாலும் வெறும் பெருக்கல் கணக்குகள். நம்டிவ் கட்டளை 2⁶⁷ − 1-க்கு வகுத்திகள் 4 என்கிறது. சிக்மா, அவற்றின் கூட்டுத்தொகை 147573953351708377936 என்கிறது. எண்ணையே கழித்துவிட்டால் எஞ்சும் வகுத்திகளின் கூட்டுத்தொகை 762031965009 மட்டுமே. எண்ணோடு ஒப்பிட்டால் கடுகளவு, ஆகவே இது படுமோசமான குறை எண். எண்ணைவிடச் சிறியவற்றில் அதனோடு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை என்று சொல்லும் ஆய்லர்ஃபை 147573951827644447920 தருகிறது. எந்தப் பகாக் காரணியும் திரும்ப வராதபோது, காரணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையானால் 1, ஒற்றைப்படையானால் −1 தரும் மொபியஸ் சார்பின் மதிப்பு இங்கே 1, ஏனெனில் வெவ்வேறான இரண்டு பகாக் காரணிகள். இவை எல்லாம் எவரும் எதிர்பார்ப்பவை. இசட்என்ஸ்டார் என்ற கட்டளைதான் ஒரு படி மேலே போகிறது: எண்ணோடு பொதுக் காரணி இல்லாத மீதிகள் பெருக்கலின் கீழ் உருவாக்கும் குலத்தின் (எந்த இரண்டைப் பெருக்கினாலும் விடை அதற்குள்ளேயே அமையும் தொகுப்பின்) கட்டமைப்பையே அது சொல்லிவிடுகிறது. இங்கே அது 122366460885277320 வரிசையும் (உறுப்புகளின் எண்ணிக்கை) 1206 வரிசையும் கொண்ட இரண்டு சுழற்குலங்களின், அதாவது ஒரே உறுப்பின் அடுக்குகளால் ஆன குலங்களின், பெருக்கம். மேலே அடிமானங்களை எண்ணும்போது வந்த அதே 1206 இங்கே மீண்டும் தலைகாட்டுவது தற்செயல் அல்ல. இரு பகாக் காரணிகளிலிருந்தும் ஒன்றைக் கழித்தால் கிடைப்பவற்றின் மீப்பெரு பொது வகுத்தியே அது. இசட்என்ஆர்டர் கட்டளையிடம் 2-இன் வரிசையை, அதாவது 2-இன் எத்தனையாவது அடுக்கில் மீதி முதன்முதலாக 1 ஆகிறது என்பதை, கேட்டால் 67 என்கிறது. ஒரு பண்பிலிருந்து இன்னொன்றுக்கு இப்படிப் பாலம் போட்டுக்கொண்டு போக முடிவதே, பட்டியல் தரும் கணிப்பான்களில் கிடைக்காத பயன்.

கட்டளைகளை இப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. எண்ணை மட்டும் கொடுத்து சிக்மாவையும் பிறகு ஆய்லர்ஃபையையும் கேட்டால், ஜிபி ஒவ்வொரு முறையும் எண்ணைப் புதிதாகக் காரணிப்படுத்துகிறது. 21 இலக்கத்துக்கு இது தெரியவே தெரியாது. 70 இலக்கத்தில் பொறுமையைச் சோதிக்கும். காரணி அணியை ஒரு மாறியில் சேமித்து, எண்ணுக்குப் பதிலாக அந்த அணியையே இக்கட்டளைகளுக்குக் கொடுக்கலாம். கடினமான வேலை ஒருமுறையோடு முடிந்துவிடும்.

காரணிகளே தேவைப்படாத பண்புகளும் உண்டு; இங்கே ஜிபியின் மௌனம் புதியவரை ஏமாற்றக்கூடும். 2⁶⁷ − 1-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 7. இந்த ஒரு செய்தியிலிருந்தே, இதை மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியாது, நான்கு வர்க்கங்கள் கட்டாயம் வேண்டும் என்று லெஜாந்தரின் தேற்றம் சொல்லிவிடுகிறது. நான்கு எந்த எண்ணுக்கும் போதும் என்பது லக்ராஞ்சு 1770-இல் நிறுவியது. எண்ணை உடைக்காமலேயே, கடைசி மூன்று இலக்கங்களைப் பார்த்தே சொல்லக்கூடிய ஆழமான பண்பு இது. ஆனால் ஜிபி இதைத் தானாகச் சொல்லாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது அதன் குணம். எண்ணின் பண்புகளைப் பற்றி ஓரளவு முன்னறிவு உள்ளவருக்கு இது வரம். எதைக் கேட்பது என்றே தெரியாதவர் வெறும் கட்டளைக் குறியின் முன் திகைத்து நிற்கக்கூடும்.

இலக்கங்களைச் சார்ந்த பண்புகளுக்கும் கட்டளைகள் உண்டு: கூட்டுத்தொகை 109, இரும வடிவில் 67 ஒன்றுகள், பதின்ம வடிவில் 1 முதல் 9 வரை எல்லா இலக்கங்களும் உள்ளன, பூச்சியம் மட்டும் இல்லை. நாம் பத்தின் அடிப்படையில் எழுதுவதால் தோன்றுபவை இவை என்பதால் இவற்றில் நான் அதிகம் தங்கவில்லை.

பெரிய எண் என்றாலே கடினமான எண் என்ற எண்ணத்தை ஜிபி விரைவில் போக்கிவிடும். 808017424794512875886459904961710757005754368000000000 என்பதை எடுத்துக்கொள்வோம். 54 இலக்கங்கள் கொண்ட இந்த எண், மான்ஸ்டர் என்று அழைக்கப்படும் குலத்தின் வரிசை. இதன் பகாக் காரணிகளில் மிகப் பெரியதே 71தான்; அதனால் சிறு எண்களால் வகுக்கும் முதல் கட்டத்திலேயே முழுவதும் உடைந்துவிடுகிறது. வெவ்வேறு பகாக் காரணிகள் 15. அவற்றுள் 2-இன் அடுக்கு 46, 3-இன் அடுக்கு 20. நம்டிவ் இதன் வகுத்திகளின் எண்ணிக்கையை 42,44,88,960 என்று உடனே சொல்லிவிடும். ஆனால் டிவைசர்ஸ் என்ற கட்டளையைக் கொடுத்து அத்தனை வகுத்திகளையும் பட்டியலிடச் சொன்னால், நாற்பத்திரண்டு கோடிக்கும் மேற்பட்ட பெரிய எண்களை நினைவகத்தில் அடுக்க வேண்டியிருக்கும். ஜிபி தன் வேலைக்கென ஒதுக்கிக்கொள்ளும் நினைவகத்துக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அது நிரம்பியதும் பிழைச் செய்தியோடு நின்றுவிடும். வரம்பை உயர்த்த வழி உண்டு. எண்ணிக்கை தேவைப்படும் இடத்தில் பட்டியலைக் கேட்காமல் இருப்பது அதைவிடச் சிறந்த வழி.

இதற்கு நேர்மாறான எல்லையில், ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கம் இருக்கிறது. அங்கே எல்லாப் பண்புகளும் ஒரே பூட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன: காரணி தெரியாவிட்டால் வகுத்திகளின் எண்ணிக்கையும் தெரியாது, கூட்டுத்தொகையும் தெரியாது, குலத்தின் கட்டமைப்பும் தெரியாது. பகு எண் என்பதை மட்டும் நொடிக்குள் உறுதியாகச் சொல்லலாம், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. 1876-இல் லூக்கா நின்ற இடம் அதுவேதான். ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறைக்கான சவாலாக 1977-இல் பொதுவெளியில் வைக்கப்பட்ட 129 இலக்க எண், நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களின் கணினிகளில் இருபடிச் சல்லடையைப் பல மாதங்கள் ஓட்டியபின் 1994-இல்தான் உடைந்தது. பாரி ஜிபியின் கடைசி ஆயுதமும் அதே இருபடிச் சல்லடைக் குடும்பத்தைச் சேர்ந்தது. 60 இலக்கங்கள் வரை அது தன் வேலையைச் சிரமமின்றி முடிக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு சில இலக்கங்களுக்கும் காத்திருப்பு மடங்காகும். நூறு இலக்கத்தை நெருங்கும்போது வேறு கருவியை நாடுவதே அறிவுடைமை. எண் புலச் சல்லடை என்ற வலிமை மிக்க முறை இதில் இல்லை. 250 இலக்க ஆர்எஸ்ஏ எண்ணை 2020-இல் உடைத்தவர்கள் அதற்கெனவே எழுதப்பட்ட காடோ என்எஃப்எஸ் மென்பொருளைக் கொண்டு, ஏறத்தாழ 2700 கணிப்பொறிக் கரு-ஆண்டுகள் (ஒரு செயலிக் கரு ஓராண்டு முழுதும் செய்யும் வேலை ஒரு கரு-ஆண்டு) உழைக்க வேண்டியிருந்தது. பாரி ஜிபி அந்தப் போட்டியில் இல்லை, இருப்பதாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை.

முழுவதும் உடைக்க முடியாத எண்ணிலும் கிடைத்தவரை எடுத்துக்கொள்ள, ஃபேக்டர் கட்டளைக்கு இரண்டாவது மதிப்பாக ஒரு வரம்பைக் கொடுக்கலாம். அந்த வரம்புக்குட்பட்ட சிறு காரணிகளை மட்டும் தேடிவிட்டு அது நின்றுவிடும். கடைசி வரியில் எஞ்சி நிற்கும் எண் பகு எண்ணாக இருக்கலாம் என்பதை நாமேதான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நிறுவப்பட்டதும் நிறுவப்படாததும் ஒரே தோற்றத்தில் வருகின்றன என்ற முன்சொன்ன குறை இங்கேயும் தொடர்கிறது.

முகப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொத்தான்களோ வண்ணங்களோ கிடையாது. கட்டளைக் குறியும் விடையும் மட்டுமே. கேள்விக்குறியைத் தட்டி உதவி கேட்டால் சுருக்கமான விளக்கமும், இரண்டு கேள்விக்குறிகளைத் தட்டினால் நீண்ட விளக்கமும் வருகின்றன. அவை கணிதம் தெரிந்தவர்களுக்காகக் கணிதர்கள் எழுதியவை. துல்லியமானவை, ஆனால் கைபிடித்து அழைத்துச் செல்பவை அல்ல. எண்குறியைத் தட்டினால் ஒவ்வொரு கணக்குக்கும் ஆன நேரம் தெரியும். நீண்ட கணக்கை நடுவில் நிறுத்தவும் முடியும். மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொள்ள விரும்பாதவர்கள் உலாவியிலேயே இயங்கும் வடிவத்தைப் பயன்படுத்தலாம்; கற்றுக்கொள்ள அது போதும், கனமான காரணிப்படுத்தலுக்கு நிறுவிய வடிவமே வேகம்.

எண்களோடு விளையாட விரும்பும் மேல்நிலைப் பள்ளி மாணவர் முதல் ஆய்வாளர் வரை, ஒரு முழு எண்ணைப் பற்றித் தெளிவான கேள்வி கையில் உள்ள எவருக்கும் பாரி ஜிபியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். எண்ணைக் கொடுத்தால் வியப்புச் செய்திகள் வரிசையாக வர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல. மென்பொருளைக் கணினியில் நிறுவியதும் முதல் வேலையாக, தொடக்க அமைப்புக் கோப்பில் ஃபேக்டர் ப்ரூவன் மதிப்பை 1 ஆக்கி, நினைவக உச்சவரம்பையும் கணினி தாங்கும் அளவுக்கு உயர்த்திவிடுங்கள். சிறிய எண்களுக்கு இதனால் ஆகும் தாமதம் உணரும்படி இருக்காது. பல நூறு இலக்கங்கள் கொண்ட காரணிகள் வரும்போது மட்டும் நிறுவலுக்கென்று கூடுதலாகக் காத்திருக்க நேரும்.